94 விழுக்காடு – எதில் 94 விழுக்காடு?

போன ஆண்டு நம் இளைஞர் பிரிவின் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் நான் ஒரு தப்பான பாடம் நடத்தினேன். அந்தத் தப்பைத் திருத்தப் போய்க் கற்றுக்கொண்டதுதான் இந்த மாதப் பாடம்.

மண்டபத்தில் கணபதி ஹோமம் முடிந்த மறுவாரம் அது. 'ஹோமம் ஏன் செய்கிறோம்' என்பது தலைப்பு. புலனத்தில் யாரோ அனுப்பியிருந்த செய்தியைக் கைப்பேசியில் திறந்து அப்படியே வாசித்தேன். ஹோமப் புகை காற்றிலுள்ள மாசில் 94 விழுக்காட்டை ஒரே மணி நேரத்தில் நீக்கிவிடுகிறது, விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய மகளுக்கு எட்டு வயது. ஆஸ்துமா இருக்கிறது.

"தம்பி, நீ சொன்னது எந்த ஆராய்ச்சி? போன வாரம் ஹோமம் நடக்கறப்ப இவளுக்கு மூச்சு இழுத்துருச்சு. வெளிய தூக்கிட்டுப் போய் இன்ஹேலர் கொடுத்தேன். மாசு 94 விழுக்காடு போயிருச்சுன்னா இவளுக்கு ஏன் இழுக்குது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை, ஹோமத்தைக் குறை சொல்லவும் இல்லை. அடுத்த ஹோமத்துக்குப் பிள்ளையை உள்ளே உட்கார வைக்கலாமா கூடாதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான் படிக்கிற பையன் என்பதால் என்னிடம் கேட்டார். எனக்கோ பதில் தெரியவில்லை. "பார்த்துச் சொல்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நம் சைவ சித்தாந்தத்தில் இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பதி, பசு, பாசம் என்று பேசத் தொடங்கும் முன்பே அளவையைப் பற்றிப் பேசுகிறார். ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதை முதலில் தீர்த்துக்கொள்கிறார். காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் மற்ற அளவைகளை அடக்குகிறார். நேரில் பார்த்தது, பார்த்ததை வைத்து ஊகித்தது, நம்பத் தகுந்தவர் சொன்னது. நான் வகுப்பில் வாசித்த செய்தி இந்த மூன்றில் எது? நான் எதையும் பார்க்கவில்லை, ஊகிக்கவும் இல்லை. சொன்னவர் யாரென்றே தெரியாது. அப்படியானால் அது உரையும் இல்லை. வெறும் சத்தம்.

அன்று இரவே தேட உட்கார்ந்தேன்.

கூகளில் போட்டால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். ஒரே செய்தி நாற்பது இடங்களில் நாற்பது விதமாக வரும். அதனால் ஆய்வுச் சுருக்கத் தரவுத்தளங்களுக்குப் போனேன். ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் முன்னால் 200, 250 சொற்களில் ஒரு சுருக்கம் இருக்கும். என்ன கேட்டோம், எப்படிச் செய்தோம், என்ன கிடைத்தது, அதனால் என்ன என்று சொல்லும். அந்தச் சுருக்கங்களைத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, இதழ் பெயரோடு சேர்த்து அடுக்கி வைத்திருப்பதுதான் இந்தத் தரவுத்தளம். கணினி வருவதற்கு முன்பே இது உண்டு. வேதியியலுக்கு 1907 முதல் 'கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்' தடித்தடிப் புத்தகங்களாக வந்துகொண்டிருந்தது. எல்லாக் கட்டுரைகளையும் எவராலும் படிக்க முடியாது, சுருக்கத்தைப் பார்த்து எது வேண்டும் என்று முடிவு செய்யலாம் என்பது அதன் நோக்கம்.

நான் திறந்தது பப்மெட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1996 முதல் நடத்துவது, கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் சேராத தம்பி தங்கைகளும் கைப்பேசியிலேயே திறக்கலாம். தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில் 'ஹோமா ஸ்மோக்' என்று தட்டினேன்.

வந்ததைப் பார்த்துச் சிரிப்புத்தான் வந்தது. சிகரெட்டும் நீரிழிவும்! பக்கம் பக்கமாக இன்சுலின். விஷயம் என்னவென்றால், மருத்துவத்தில் 'ஹோமா' என்பது ஒரு கணக்கு முறையின் சுருக்கப் பெயர். 'ஹோமியோஸ்டேட்டிக் மாடல் அசெஸ்மெண்ட்' என்பதன் முதலெழுத்துகள். இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் இன்சுலினையும் வைத்து உடல் எவ்வளவு இன்சுலினுக்கு அடங்குகிறது என்று மதிப்பிடுவார்கள். நாம் அக்கினி வளர்க்கிறோம், கணினி இனிப்பு நீரைப் பற்றிப் பேசுகிறது. கணினிக்கு அர்த்தம் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். தேடுகிறவன் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான்.

சரி, எப்படித் தேடுவது? இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னையில் கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு கடையில் 'மெக்கானோ' விளையாட்டுப் பொருளைப் பார்த்தாராம். சில தகடுகள், சில திருகுகள், அவ்வளவுதான். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் வரும், பாலமும் வரும். புத்தகப் பொருளையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துப் பூட்டலாமே என்று தோன்றியிருக்கிறது. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் வகைப்பாடு அதிலிருந்து பிறந்தது. எந்த விஷயத்தையும் முகங்களாகப் பிரிக்கலாம் என்றார். மையப் பொருள் எது, அது எதனாலானது, அதில் என்ன நடக்கிறது, எந்த இடத்தில், எந்தக் காலத்தில். இன்றைக்குத் தரவுத்தளங்களில் தேடக் கற்றுக்கொடுக்கிறவர்கள் 'கேள்வியை முதலில் உடைத்துக்கொள்' என்று சொல்கிறார்களே, அந்த உடைப்பதை நூலக உலகத்துக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். பொறியியல் படிக்கிற எனக்கு இவர் பெயரை யாரும் சொல்லவில்லை. நூலகவியல் படிப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும் போல.

அக்காவின் கேள்வியை ஒரு தாளில் எழுதி உடைத்தேன். புகைக்கு மூலம் எது? ஹோமம். ஆனால் ஆய்வாளர்கள் அதை ஹோமம் என்று எழுதுவதில்லை. வட இந்தியாவில் 'ஹவன்'. அல்லது யக்ஞம், அதையும் ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள்: யஜ்னா, யக்ஞா, யாக்னா, யாக்யா. 'அக்னிஹோத்ரா' என்றும் வரும். ஹோமத்தைப் பற்றிய ஆய்வு குறைவாகத்தான் இருக்கும், ஆகவே அதன் உறவினர்களையும் சேர்க்க வேண்டும்: 'இன்சென்ஸ்' என்றால் ஊதுவத்தி, சாம்பிராணி எல்லாம் அடங்கும், அகர்பத்தி, சீனர்களின் ஜாஸ் ஸ்டிக். அடுத்து, எதை அளந்தார்கள்? நுண்துகள், கார்பன் மோனாக்சைடு, நுண்ணுயிர். எங்கே? வீட்டுக்குள், கோயிலுக்குள், மூடிய அறையில். யாருக்கு என்ன ஆனது? ஆஸ்துமா, நுரையீரல், சுவாசம்.

ஒவ்வொரு முகத்திலும் உள்ள ஒத்த சொற்களை 'ஓர்' போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். முகத்துக்கும் முகத்துக்கும் நடுவில் 'ஆண்ட்'. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு இது பழைய சோறு. ஜார்ஜ் பூல் என்ற 19ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞரின் தர்க்கம், நம் சர்க்யூட்டில் ஓடுவது, இங்கேயும் ஓடுகிறது. 'ஓர்' வலையை அகலமாக்கும், 'ஆண்ட்' இறுக்கும். 'நாட்' என்று ஒன்று இருக்கிறது, வேண்டாததைத் தள்ளும். இன்சுலினைத் தள்ள அதைப் பயன்படுத்தினேன். ஆனால் நாட்டைக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள், நல்ல கட்டுரையிலும் அந்தச் சொல் ஓர் ஓரத்தில் இருந்துவிடும், அதுவும் சேர்ந்து போய்விடும். இரண்டு சொற்கள் சேர்ந்தே வர வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். சொல்லின் அடிப்பகுதியை எழுதி நட்சத்திரக் குறி வைத்தால் அதன் எல்லா முடிவுகளும் வரும்.

'டெம்பிள்' என்ற சொல் இன்னொரு வேலை காட்டியது. கோயில்களே இல்லாத கட்டுரைகள் வரிசையாக வந்தன. பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர்கள் எழுதியதெல்லாம் முகவரியில் அந்தச் சொல் இருப்பதால் வந்து நின்றது. தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடு என்று கட்டளை கொடுத்ததும் அடங்கியது. பப்மெட்டில் இன்னொரு வசதி: பெரும்பாலான கட்டுரைகளுக்குப் பொதுப் பெயர்கள் ஒட்டப்பட்டிருக்கும், 'மெஷ்' என்று பெயர். ஆசிரியர் தன் விருப்பப்படி எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும் 'வீட்டுக்குள் காற்று மாசு' என்ற ஒரே பெயரின் கீழ் அவை சேர்ந்திருக்கும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் அதில் ஒட்டியிருக்கும் மெஷ் பெயர்களைப் பார்த்து, அவற்றை வைத்து மறுபடி தேடுங்கள்.

இப்படித் தேடியபோதுதான் அந்த 94 கிடைத்தது.

2007இல் 'ஜர்னல் ஆஃப் எத்னோபார்மகாலஜி' என்ற இதழில் வந்த கட்டுரை. லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சந்திரசேகர் நௌதியாலும் சக ஆய்வாளர்களும் எழுதியது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'மருத்துவப் புகை காற்றிலுள்ள பாக்டீரியாவைக் குறைக்கிறது'. தலைப்பில் ஹோமமும் இல்லை, ஹவனும் இல்லை. சுருக்கத்துக்குள்தான் 'ஹவன் சாமக்ரி' என்று வருகிறது. தலைப்பில் மட்டும் தேடியிருந்தால் தவறவிட்டிருப்பேன்.

ஆகப் புலனத்தில் வந்தது முழுப் பொய்யில்லை. உண்மையான ஆய்வு, உண்மையான இதழ், உண்மையான எண். ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. பிறகு சுருக்கத்தை மெதுவாக வாசித்தேன். மரத்தையும் மூலிகைக் கலவையையும் ஒரு மணி நேரம் எரித்திருக்கிறார்கள். 60 நிமிடத்தில் காற்றிலிருந்த பாக்டீரியா எண்ணிக்கை 94 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது. மூடிய அறையில் அந்த நிலை 24 மணி நேரம் வரை நீடித்திருக்கிறது. அளந்தது பாக்டீரியா. மாசு என்று நாம் பொதுவாகச் சொல்வதை அல்ல. நுண்துகள் எவ்வளவு என்று அந்தச் சுருக்கத்தில் இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை, அந்த அறையில் உட்கார்ந்து மூச்சு விட்ட மனிதர்களும் இல்லை.

புலனத்தில் அனுப்பியவரை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. புகை காற்றைத் தூய்மையாக்குகிறது, சுற்றுச்சூழலைச் சுத்தமாக்குகிறது என்ற பொருளில் சுருக்கத்திலேயே ஒரு தொடர் இருக்கிறது. நுண்ணுயிர் ஆய்வாளருக்குச் சுத்தம் என்றால் கிருமி இல்லாதது. காற்று மாசைப் படிக்கிறவருக்குச் சுத்தம் என்றால் துகள் இல்லாதது. குளோரோக்ஸ் ஊற்றிக் கழுவினால் தரையில் கிருமி சாகும், அதற்காக அதன் ஆவியை யாராவது இழுத்து மூச்சு விடுவோமா? ஒரே சொல் இரண்டு துறையில் இரண்டு பொருள் தருகிறது. கருதல் அளவையில் தவறு நுழைகிற வாசல் இதுதான். எண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிடாமல், 'எதன் எண்?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த நாள் இன்னொரு பக்கத்தைத் தேடினேன், துகள் பக்கம். 2008இல் 'கிளினிக்கல் அண்ட் மாலிக்யூலர் அலர்ஜி' இதழில் ஊதுவத்திப் புகையும் சுவாச நோயும் பற்றிய ஒரு தொகுப்புக் கட்டுரை, இலவசமாகவே முழுதும் படிக்கலாம். தொகுப்புக் கட்டுரை என்றால் பலருடைய ஆய்வுகளை ஒன்று சேர்த்து மதிப்பிடுவது. புதிதாக ஒரு விஷயத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் இதைத்தான் தேட வேண்டும், பப்மெட்டில் 'ரிவ்யூ' என்று ஓரத்தில் குறியிடலாம். அதன் சுருக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. ஒரு கிராம் ஊதுவத்தி எரிந்தால் சராசரியாக 45 மில்லிகிராமுக்கு மேல் துகள் வருகிறது, ஒரு கிராம் சிகரெட் எரிந்தால் 10 மில்லிகிராம்.

இப்போது பாருங்கள், இந்த எண்ணை வைத்தும் ஒருவர் புலனத்தில் செய்தி அனுப்பலாம். 'பூஜையறை சிகரெட்டைவிட நாலு மடங்கு மோசம்!' அதுவும் அதே தப்புத்தான், திசை மட்டும் வேறு. இது ஒரு கிராம் எரிந்தால் எவ்வளவு என்ற கணக்கு. சிகரெட் பிடிக்கிறவர் புகையை நேராக உள்ளே இழுக்கிறார். ஊதுவத்திப் புகை அறை முழுதும் பரவுகிறது. அறை எவ்வளவு பெரிது, சன்னல் திறந்திருக்கிறதா, எத்தனை நேரம் உட்கார்ந்தோம் என்பதை வைத்துத்தான் உள்ளே போவது எவ்வளவு என்று சொல்ல முடியும். ஹோமத்தை உயர்த்திப் பேசும் எண்ணை எவ்வளவு நெருக்கிக் கேள்வி கேட்டேனோ, அதே அளவு இதையும் கேட்க வேண்டும். உண்மையைச் சொன்னால், முதல் எண்ணைக் கேள்வி கேட்கத்தான் எனக்கு மனம் வரவில்லை, இரண்டாவதைக் கேள்வி கேட்பது சுலபமாக இருந்தது. நமக்குப் பிடித்த பதில் கிடைத்த இடத்தில் கை தானாக நின்றுவிடுகிறது.

பக்கத்து ஊரில் செய்த ஆய்வு ஒன்றும் கிடைத்தது. சிங்கப்பூர்ச் சீனர்கள் 61,320 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து எழுதியது, 2008இல் 'கேன்சர்' இதழில் வந்தது. நீண்ட காலம் வீட்டில் ஊதுவத்தி ஏற்றியவர்களுக்கு மேல் சுவாசப் பாதையில் சில வகைப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. நுரையீரல் புற்றுநோயில் மொத்தத்தில் வேறுபாடு காணவில்லை. இரண்டு முடிவையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மை. இதுவும் தினமும் வீட்டில் ஏற்றுவதைப் பற்றியது. மாதம் ஒரு முறை ஹோமத்துக்கு வருகிறவரைப் பற்றியதில்லை.

இதெல்லாம் எப்படி ஒன்றிலிருந்து ஒன்று கிடைத்தது என்றால், சங்கிலி போட்டுத்தான். ஒரு நல்ல கட்டுரை கையில் வந்தால் அதன் கடைசிப் பக்கத்தில் அது யாரை மேற்கோள் காட்டியது என்று இருக்கும், அது பின்னோக்கிப் போகும் வழி. அதை யார் பிறகு மேற்கோள் காட்டினார்கள் என்பது முன்னோக்கிப் போகும் வழி. இந்த இரண்டாவதை முறையாகச் செய்து காட்டியவர் யூஜின் கார்ஃபீல்ட், 1964இல் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' கொண்டு வந்தார். இன்றைய 'வெப் ஆஃப் சயின்ஸ்' அதன் வாரிசு. 2004இல் வந்த ஸ்கோப்பஸும் இதையே செய்கிறது. இவை இரண்டுக்கும் கட்டணம் உண்டு, பல்கலைக்கழக மாணவர்கள் நூலகக் கணக்கின் வழியே நுழையலாம். மற்றவர்களுக்கு கூகள் ஸ்காலர் இருக்கிறது. ஆனால் அது நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். யாகம் பற்றித் தேடினால், காசு வாங்கிக்கொண்டு சரிபார்க்காமல் போடுகிற இதழ்களும் நடுவே கலந்து நிற்கும். நம் சமயத்தைப் புகழ்கிறது என்பதற்காக அவற்றை எடுத்துவிடாதீர்கள்.

சுற்றுச்சூழல் என்பது ஒரே துறையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடல்நலக் கேள்வி என்றால் பப்மெட். நீர், மண், குப்பை, மீன் என்றால் அங்கே பாதிதான் கிடைக்கும். எப்ஸ்கோ நிறுவனத்தின் 'கிரீன்ஃபைல்' சுற்றுச்சூழலுக்கென்றே உள்ளது, இலவசம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 'அக்ரிஸ்' இருக்கிறது, அதுவும் இலவசம். மலேசிய இதழ்களுக்கு 'மைஜர்னல்'. இங்கே மலாயிலும் தேடுங்கள், நமக்குத்தான் மலாய் தெரியுமே! 'குவாலிட்டி உடாரா', 'லோகம் பெராட்', 'கெமெஞான்' என்று போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் மட்டும் தேடுகிற வெளிநாட்டவருக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைக்கும். ஊர்ப் பெயரிலும் கவனம்: 'பினாங்' என்று எழுதியவரும் உண்டு, 'பூலாவ் பினாங்' என்று எழுதியவரும் உண்டு. பிறைத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஓடும் ஜூரு ஆற்றில் கன உலோகங்கள் பற்றி நிறைய ஆய்வுகள் இருக்கின்றன, சிலவற்றில் 'ஜூரு ரிவர்', சிலவற்றில் 'சுங்கை ஜூரு'. இரண்டையும் 'ஓர்' போட்டுச் சேர்க்காவிட்டால் பாதி போய்விடும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா'.

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேடையில் பேசலாமா? அவசரத்துக்குக்கூடச் செய்யாதீர்கள். சுருக்கம் கோபுரம் மாதிரி, தூரத்திலிருந்தே எந்தக் கோயில் என்று தெரியும், மூலவரைப் பார்க்க உள்ளே போகத்தான் வேண்டும். எத்தனை முறை அளந்தார்கள், எரிக்காத அறையோடு ஒப்பிட்டார்களா, பணம் கொடுத்தது யார் என்பதெல்லாம் உள்ளேதான் இருக்கும். முழுக் கட்டுரை காசு கேட்டால், டி.ஓ.ஐ. எண்ணை எடுத்துக்கொண்டு இலவசப் பிரதி வேறு எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள், பலர் அனுப்பி வைப்பார்கள்.

இரண்டு வாரம் கழித்து அக்காவைப் பார்த்தேன். ஜார்ஜ் டவுனில் குயின் ஸ்திரீட் பக்கம் பூ வாங்க வந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன்: "அக்கா, நான் வகுப்பில சொன்னது தப்பு. அந்த ஆராய்ச்சி கிருமியைப் பத்தினது. புகையில இருக்கிற துகளைப் பத்தி அது பேசல. புகைத் துகள் ஆஸ்துமா உள்ளவங்களுக்கு ஆகாது. நம்ம மண்டபத்தில எவ்வளவு இருக்குன்னு யாரும் அளக்கல, அதனால எண்ணெல்லாம் என்னால சொல்ல முடியாது. பாப்பாவை உள்ள உட்கார வைக்காதீங்க, வாசல்கிட்ட காத்து வர்ற இடத்தில வைங்க. டாக்டர்கிட்டயும் கேட்டுக்குங்க."

"அப்ப ஹோமமே கூடாதுன்னு சொல்றியா?" என்றார்.

இல்லை. ஹோமம் செய்வதற்கு நமக்குக் காரணம் பாக்டீரியா இல்லையே! நாம் அக்கினியை அழைப்பது வழிபாட்டுக்கு. பாக்டீரியா சாகாவிட்டாலும் செய்வோம், செத்தாலும் அதற்காகச் செய்யவில்லை. விஞ்ஞானத்தின் கையெழுத்தை வாங்கிக் காட்டினால்தான் வழிபாட்டுக்கு மதிப்பு என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே, எப்படிச் செய்கிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. முன்பெல்லாம் யாகசாலையைத் திறந்த வெளியில் பந்தல் போட்டு அமைத்தார்கள். நாம்தான் குளிர்சாதனம் வைத்த மண்டபத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குண்டத்தை வைத்தோம்.

இதைச் செயற்குழுவில் ஒரு பக்கத் தாளாக எழுதிக் கொடுத்தேன். ஒரு பெரியவர், "அந்தக் காலத்தில யாருக்குத் தம்பி ஆஸ்துமா வந்துச்சு?" என்று கேட்டார். நான் கட்டுரைகளைக் காட்டினேன், அவர் கண்ணாடி போட்டு வாசித்தார். புகைமூட்டக் காலத்தில் நாம் எல்லாரும் பார்க்கிற காற்று மாசுக் குறியீட்டில் 2018 முதல் நுண்துகளையும் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும், அதே பி.எம். 2.5 துகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாள் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்று அளவு வகுத்ததையும் சொன்னேன். சுமத்ராவிலிருந்து வரும் புகைக்குச் சன்னலைச் சாத்துகிறோம், நாமே உண்டாக்கும் புகைக்கும் சாத்துகிறோம் என்றதும் அவரே சிரித்துவிட்டார். அடுத்த ஹோமத்தில் குண்டம் முன்வாசல் கூரையின் கீழ் வந்தது. காத்தாடிகளை வெளியே பார்த்துத் திருப்பி வைத்தோம். பாப்பா பக்கவாட்டுப் படியில், காற்று வரும் பக்கமாக உட்கார்ந்து பூர்ணாகுதி வரை பார்த்தாள். வகுப்பிலும் மறுபடி நின்று, போன தடவை சொன்னது தப்பு என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இந்தத் தடவை கைதட்டல் இல்லை. ஒரு பையன் மட்டும், "அண்ணா, அப்ப அந்த மெசேஜை அழிச்சிரவா?" என்று கேட்டான்.

இனி உங்களுக்குப் பயிற்சி. மாசி மகத்தன்று தெலுக் பகாங் கடலில் நாம் தெப்பம் விடுகிறோம். பூ, விளக்கு, அதைத் தாங்கும் தட்டு. எந்தத் தட்டு கரைகிறது, எது மிதந்துகொண்டே போகிறது, அது மீனுக்கு என்ன செய்கிறது என்பது கேள்வி. நேரடியான ஆய்வு கிடைக்காமல் போகலாம், அப்போது உறவினர்களைத் தேடுங்கள். ஹைதராபாத் உசைன் சாகர் ஏரியில் விநாயகர் சிலைகளைக் கரைப்பது நீரின் தரத்தை என்ன செய்கிறது என்று 2001இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது, இலவசமாகப் படிக்கலாம், அங்கிருந்து சங்கிலி போடுங்கள். ஆனால் அது ஏரி, நம்முடையது கடல். கேள்வியை முகங்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று சொற்கள், அதில் ஒன்று மலாயில், தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். 'ஃபுளோட்' என்று மட்டும் தட்டினால் என்ன வருகிறது என்பதையும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.